பிஎஸ்சி படிக்கும்போதே லேபுக்குள் விட்டால் யார் யார் வருவார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: பட்டப்படிப்பிலேயே ஆய்வுப் பயிற்சி கொடுத்தால் மருத்துவ ஆராய்ச்சிக்குள் எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் வருவார்களா, இல்லை வெறும் கண்துடைப்பா?

வருவார்கள். ஆனால் பயிற்சியோடு கையில் காசும், கூட நிற்க ஒரு ஆளும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் ஏற்கெனவே வரக்கூடியவர்கள்தான் வருவார்கள்.

எனக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ், பத்தாவது வரை தமிழ் மீடியம், பிளஸ் டூ போனதும் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். அப்பாவுக்குத் தோப்பில் தேங்காய் உரிக்கிற வேலை. நான் பிஎஸ்சி விலங்கியல் சேர்ந்தபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டது, "முடிச்சுட்டு பிஎட் படிக்கப் போறயா, இல்லை கவர்மெண்ட் வேலைக்குப் பரீட்சை எழுதப் போறயா கண்ணு?" மூன்றாவதாக ஒரு வழி இருப்பது அந்த அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆராய்ச்சி செய்து சம்பளம் வாங்குகிற ஒரு மனுஷரை எங்கள் ஊரில் நாங்கள் பார்த்ததே இல்லை.

இரண்டாம் வருடம் ஒரு மலையாளி டீச்சர் கூப்பிட்டு, "மோளே, இதுக்கு எழுது, காசும் தருவாங்க" என்று ஒரு விண்ணப்பத்தைக் காட்டினார். பெங்களூர், டெல்லி, அலகாபாத் அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை. ஒரு விஞ்ஞானியின் லேபில் இரண்டு மாதம் வேலை செய்யலாம். ஏன் வர நினைக்கிறாய் என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும், அதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆயிற்று. அந்த வருடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் வேறொரு ஆய்வு நிறுவனத்தில் சம்மர் ப்ராஜெக்ட் கிடைத்தது. ஹாஸ்டலுக்கு முன்பணம் கட்டச் சொன்னார்கள், ஸ்டைபெண்ட் மட்டும் எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. லீவில் கோயம்புத்தூர் ஜவுளிக்கடையில் வாங்கிக்கொண்டிருந்த சம்பளமும் போயிற்று. என்னோடு தேர்வான வகுப்புப் பையன் ஒருவன், மரபியல் கணக்கெல்லாம் என்னைவிட வேகமாகப் போடுவான், முன்பணத்தைக் கேட்டதுமே வரவில்லை என்று சொல்லிவிட்டான். இப்போது ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறான். இப்படி நின்றுபோகிறவர்களைப் பற்றி "கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியில் ஆர்வம் குறைவு" என்று யாராவது பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பால்டிமோர் கவுண்டியில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகம் 1988ல் மேயர்ஹாஃப் என்ற திட்டத்தைத் தொடங்கியது, முதலில் கருப்பின மாணவர்களுக்காக. வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய கோடையிலேயே எல்லோரையும் கூட்டி வந்து ஒன்றாகத் தங்கவைத்து, ஒன்றாகப் படிக்கவைத்து, உதவித்தொகையும் கொடுத்து, சீக்கிரமே லேபுக்குள் விட்டுவிடுவார்கள். மாடர்னா கொரோனா தடுப்பூசிக்கான ஆய்வில் முக்கியப் பங்கு வகித்த கிஸ்மீகியா கார்பெட் அந்தத் திட்டத்தில் படித்தவர். அப்புறம் 2014ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 'பில்ட்' என்ற பெயரில் 10 இடங்களுக்கு நிதி கொடுத்தன. மாணவரோடு நிற்காமல், கல்லூரியையும் ஆசிரியர்களையும் சேர்த்துத் தயார்செய்ய முயன்றார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் எங்கள் டீச்சருக்கு நாள் முழுக்க வகுப்பு, மிச்ச நேரம் கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் குழுவுக்கான கோப்பு வேலை, எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தன் பஸ்ஸைத் தவறவிட்டுத்தான்.

நம் நாட்டில் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது, வருடத்துக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 கோடை ப்ராஜெக்டுக்கு. நல்ல திட்டம். ஆனால் பிளஸ் டூ மதிப்பெண்ணில் போர்டின் முதல் 1 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்பது அதில் நுழைய முக்கியமான வழி. பிளஸ் டூவில்தான் மொழி மாறித் தடுமாறிய பிள்ளை அங்கேயே வெளியே நின்றுவிடுகிறது.

சரி, எல்லாத் தரப்பும் வந்தால் ஆராய்ச்சிக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். எந்த மரபணு மாற்றம் எந்த நோயோடு சேர்ந்து வருகிறது என்று தேடும் மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் உலகெங்கும் பங்கேற்றவர்களில் சுமார் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019ல் ஒரு கணக்கு வந்தது. நம்மைப் பற்றிய கேள்வியை நம் பக்கத்தில் இருப்பவர்கள்தான் கேட்க வேண்டியிருக்கிறது. வைசிய சமூகத்தில் சிலருக்கு ஆபரேஷனில் தசை தளரக் கொடுக்கும் சக்சினைல்கோலின் மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்காது, மூச்சுவிடத் திணறுவார்கள், அதை உடைக்கும் நொதி அவர்கள் ரத்தத்தில் போதவில்லை. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2006ல் வெளியிட்ட குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தினர் இருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற இடம்.

இன்னொன்று நான் கண்ணால் பார்த்தது. எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் இருக்கிறது, ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை நோய். தாய் தகப்பன் இருவரிடமும் அந்த மரபணு ஒவ்வொன்று இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு. நான் பிஎச்டி சேர்ந்த பிறகு ஒரு லேபில் அங்கிருந்து ரத்த மாதிரி வாங்கி வேலை நடந்தது. சம்மதப் படிவம் மலையாளத்தில். இருளர் சமூகத்துப் பிஎஸ்சி மாணவி ஒருத்தி அங்கே ப்ராஜெக்டுக்கு வந்தாள். முதல் லேப் மீட்டிங்கில் அவள் கேட்டது: "எங்க பாட்டிகிட்ட ரெண்டு தடவை ரத்தம் எடுத்தாங்க. என்ன இருந்துச்சுன்னு யாருமே வந்து சொல்லலையே?" அத்தனை பேரும் படித்தவர்கள், ஒருவருக்கும் அதுவரை அந்தக் கேள்வி தோன்றவில்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முடிவுகளைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், ஊர்த் தலைவரான மூப்பன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவளே இருளர் பேச்சில் ஒவ்வொருவருக்கும் விளக்கினாள்.

இதைப் படிக்கிற நீங்கள் பிஎஸ்சி மாணவர் என்றால், உங்கள் வருடத்துக்கு இடமுண்டா என்று பார்த்து அகாடமி விண்ணப்பத்தை இந்த வருடமே போடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். பரிந்துரைக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். வேறு இடத்தில் ப்ராஜெக்ட் கிடைத்தால் ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் வரும் என்று மெயிலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பில்லை. எதற்காக வருகிறேன் என்று எழுத வேண்டிய பகுதி ஆங்கிலத்தில் வரவில்லையென்றால் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து சேர்ந்தே மாற்றிவிடலாம்.