லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் இணைப்பாக இருக்கும் படங்களைக் கோப்புக்குள்ளேயே சேர்ப்பது எப்படி?

கோப்பை வேறு கணினிக்கு அனுப்பினால் படங்கள் இருந்த இடத்தில் வெறும் கட்டம்தான் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம், உங்கள் கோப்பில் படமே இல்லை, படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது. படத்தைச் செருகும்போது 'லிங்க்' என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தாலோ, எச்டிஎம்எல் பக்கத்தை (இணையப் பக்கத்தை) திறந்து அப்படியே ஓடிடியாக (.odt, ரைட்டரின் சொந்தக் கோப்பு வடிவம்) சேமித்தாலோ இப்படி ஆகும்.

சரி, முதலில் படங்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிற கணினியில் கோப்பைத் திறங்கள், இது முக்கியம், ஏனென்றால் படமே கிடைக்காத இடத்தில் இணைப்பை வெட்டினால் உள்ளே வந்து சேர எதுவும் இருக்காது. எடிட் மெனுவில் 'லிங்க்ஸ் டு எக்ஸ்டர்னல் ஃபைல்ஸ்' என்று இருக்கும் (அது மங்கலாக இருந்தால் கோப்பில் இணைப்பே இல்லை என்று அர்த்தம்). பட்டியலில் முதல் வரியைச் சொடுக்கி, ஷிஃப்ட்டை அழுத்தியபடி கடைசி வரியையும் சொடுக்கி, 'பிரேக் லிங்க்' கொடுங்கள். பெயர்தான் பயமுறுத்தும், படம் எங்கும் போகாது, உள்ளே வந்துவிடும். அப்புறம் சேமிக்க மறக்காதீர்கள்.

சந்தேகமிருந்தால் ஒரு நகல் எடுத்து அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள், ஓடிடி என்பதே ஒரு ஜிப் பொட்டலம்தான், 'பிக்சர்ஸ்' அடைவுக்குள் படங்கள் இருக்க வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் என்றால் ஃபைல், இன்ஃபோ, 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று போய் இதே வேலையைச் செய்யலாம்.