மூன்று மணிக்கு எழுபவருக்குத் தூக்க ஆப் எவ்வளவு உதவும்?

கேள்வி: குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ஒன்றுவிட்ட ஒருநாள் நானே பால்வெட்டுகிறேன். வெட்டு நாளில் 3 மணிக்கு எழுவேன், மற்ற நாளில் ஆறரை ஆகிவிடும். வயது 52. இரவு 11 மணி வரை தூக்கம் வருவதில்லை. கல்லூரியில் படிக்கும் மகள், தூக்கத்தை அளக்கும் ஆப் ஒன்றை என் போனில் போட்டுத் தந்தாள். அது மைக், லொகேஷன், கான்டாக்ட்ஸ், போட்டோ, நோட்டிஃபிகேஷன் என்று வரிசையாக அனுமதி கேட்கிறது. எல்லாவற்றுக்கும் சரி கொடுக்கலாமா? கொடுத்தால் தூக்கம் வருமா?

பதில்: நாகர்கோவிலில் இருந்துகொண்டு பல வருடங்களாகப் போன் ஆப்கள் எழுதிவருகிறேன். அதனால் அனுமதியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு முறை, நான் எழுதிய ஆப்பில் கான்டாக்ட்ஸ் அனுமதியையும் சேர்த்துவிடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். "இப்போதைக்கு ஒன்றுமில்லை, பின்னால் உதவும்" என்றார்கள். நான் சேர்க்கவில்லை. ஆனால் கேட்கிற அனுமதியெல்லாம் வேலைக்குத் தேவைப்பட்டுத்தான் கேட்கப்படுகிறது என்ற நம்பிக்கை அன்றே போய்விட்டது. ஒவ்வொரு அனுமதிக்கும் நீங்களும் அதே கேள்வியைக் கேளுங்கள்: நான் தூங்குவதை அளக்க இது எதற்கு?

மெத்தையில் வைத்த போன், நீங்கள் புரள்வதை அசைவு சென்சார் மூலம்தான் அறிகிறது. அதற்குப் பெரும்பாலும் உங்கள் அனுமதியே தேவையில்லை. கான்டாக்ட்ஸும் போட்டோவும் இந்த வேலைக்கு எந்த விதத்திலும் வேண்டாம், மறுத்துவிடுங்கள். லொகேஷனும் அப்படித்தான். ஒரே விதிவிலக்கு, கையில் கட்டும் பேண்டை ப்ளூடூத்தில் இணைப்பது. ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய போன்களில் ப்ளூடூத் கருவியைத் தேடவே லொகேஷன் அனுமதி வேண்டும். 2021-ல் வந்த 12-க்குப் பிறகு அதற்கு 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. உங்களிடம் பேண்ட் இல்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம்.

யோசித்துக் கொடுக்க வேண்டியது மைக். குறட்டையைப் பதிவு செய்ய அது உண்மையிலேயே தேவைப்படும். ஆனால் இரவு முழுக்கப் படுக்கையறையில் ஒரு மைக் திறந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த அறையில் உங்கள் மனைவியும் தூங்குகிறார் என்றால் அவரையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: இணையத்தைப் பயன்படுத்த ஆண்ட்ராய்டு உங்களிடம் அனுமதி கேட்பதே இல்லை, ஆப்புக்கு அது தானாகவே கிடைத்துவிடும். பதிவான சத்தம் போனிலேயே இருக்கிறதா, வெளியே போகிறதா என்பதைத் திரையில் வரும் அந்த ஒரு கேள்வியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்புக்கும் தரவுப் பாதுகாப்பு என்ற பகுதி இருக்கிறது. படியுங்கள், ஆனால் அது ஆப் செய்தவர்களே எழுதித் தருவது என்பதை மறக்க வேண்டாம். குறட்டையைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று கொடுத்து இரண்டு மூன்று இரவு பாருங்கள், பிறகு செட்டிங்ஸில் போய் எடுத்துவிடுங்கள். சந்தேகம் இல்லையென்றால் கொடுக்கவே வேண்டாம்.

சரி, மிச்சம் இருப்பது நோட்டிஃபிகேஷன். மைக்கைப் பார்த்துப் பயப்படுபவர்கள் இதற்கு யோசிக்காமல் சரி சொல்லிவிடுகிறார்கள். உங்கள் தூக்கத்தை நேரடியாகத் தின்பது இதுதான் என்பது என் எண்ணம். 2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல்தான் புதிதாகப் போடும் ஆப் இதற்குக் கேட்டாக வேண்டும். அதற்கு முன் எல்லா ஆப்புக்கும் உங்களைத் தட்டி எழுப்பும் உரிமை தானாகவே இருந்தது. பழைய ஆப்களிடம் அந்த உரிமை இன்னும் அப்படியே இருக்கலாம். செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பக்கத்தைத் திறந்து, போன் அழைப்பு, வாட்ஸ்அப், வங்கி தவிர மற்றதையெல்லாம் நிறுத்திப் பாருங்கள். தூக்க ஆப்பும் நிறுத்த வேண்டிய பட்டியலில்தான் சேரும்.

அப்புறம் 'தொந்தரவு செய்யாதே' வசதியை இரவு 7.30 முதல் காலை வரை தானாக இயங்கும்படி வையுங்கள். அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது என்ற கவலை எல்லோருக்கும் வரும். அதே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும்படி அதிலேயே ஒரு வசதி இருக்கிறது. அது சாதாரண அழைப்புக்குத்தான், வாட்ஸ்அப் அழைப்புக்கு நம்ப முடியாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள். அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்த்த காலத்தில் நானும் தலையணை ஓரத்தில் போனை வைத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒரு தடவை திரையைப் பார்த்தே இரவுகளைக் கழித்தேன். போனை அடுக்களைக்கு மாற்றிய வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது.

இனி ஆப்புக்கு வெளியே. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது 'ஒன்றுவிட்ட ஒருநாள்' என்ற சொல்தான். 3 மணிக்கும் ஆறரைக்கும் இடையே மூன்றரை மணி நேரம். நமக்கும் ரியாத்துக்கும் நேர வித்தியாசமே இரண்டரை மணிதான். வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் தூக்கம் பிடிக்காமல் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அதைவிடத் தூரமாக ஒன்றுவிட்ட ஒருநாள் போய்வருகிறீர்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளில் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஆறரைக்கு எழுந்த நாளில், அன்றிரவு எட்டரைக்குப் படுத்தால் தூக்கம் வராதது இயல்புதான். அதை ஒரு நோயாக நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வெட்டு நேரத்தை மாற்றச் சொல்ல மாட்டேன். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பது எனக்கும் தெரியும். மாற்ற வேண்டியது வெட்டில்லாத நாளை. அன்றும் காலை நாலரைக்கு மேல் படுக்கையில் கிடக்காதீர்கள். முதலில் கஷ்டமாக இருக்கும், ஒரு வாரத்துக்கு அரை மணி என்று குறைத்துக்கொண்டே வரலாம். ஜூன், ஜூலை மழையில் வெட்டு நின்றுபோகும் நாட்களில்தான் இது கைவிட்டுப் போகும். அப்போதும் அதே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எழுந்த பின் வெளிச்சம் வேண்டும். வெட்டு நாளில் பாலெடுக்கப் போகும்போது காலை வெயில் தானாகவே மேலே படும். மற்ற நாளில் விடிந்ததும் முற்றத்துக்கு இறங்கி நடக்க வேண்டும். சாயங்காலம் இதற்கு நேர்மாறு: ஏழரைக்கு மேல் டியூப்லைட்டை அணைத்துச் சின்ன பல்பு போதும்.

பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எட்டரைக்குத் தூங்கி 3 மணிக்கு எழுந்தால் ஆறரை மணி நேரம். ரப்பர் ஷீட் அடித்துக் குளித்துச் சாப்பிட்ட பின் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் மீதி சரியாகிவிடும். ஆனால் மதியம் 2 மணிக்குள் எழுந்துவிடுங்கள், இல்லையென்றால் அது இரவுத் தூக்கத்தில் கை வைக்கும். கட்டன்சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) அப்படித்தான். உள்ளே போன காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எட்டரைக்குப் படுப்பவருக்கு நாலு மணிச் சாயா ரொம்பத் தாமதம், மதியச் சாப்பாட்டோடு நிறுத்திவிடுங்கள். படுத்து இருபது நிமிடம் ஆகியும் வரவில்லையா? எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். அந்த நேரத்தில் போனை மட்டும் எடுக்காதீர்கள்.

ஆப் காலையில் காட்டும் மதிப்பெண்ணை அதிகம் நம்ப வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தை உறுதியாக அளக்க மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய வேண்டும். போன் அசைவையும் சத்தத்தையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே கவலைப்பட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே 'ஆர்த்தோசோம்னியா' என்று மருத்துவ ஆய்வாளர்கள் 2017-ல் பெயர் வைத்தார்கள். உங்களுக்கு ஒரு பழைய டைரி போதும்: படுத்த நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணைச் சொருகியதா. இரண்டு வாரம் எழுதினால் உங்கள் தூக்கம் எங்கே தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

பலமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் பைக் ஓட்டும்போதே தூக்கம் வருவது, இவற்றில் எது இருந்தாலும் டைரியோடு நின்றுவிடாதீர்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, உங்கள் மருத்துவரிடமோ உடனே போங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள். இரவில் உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

அலாரத்துக்கு மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். அதுவரை போனோடு வந்த கடிகார ஆப்பையே பயன்படுத்துங்கள். வெளியிலிருந்து போட்ட ஆப்பைப் பேட்டரி சேமிப்புக்காகப் போன் இரவில் நிறுத்திவிடலாம், 3 மணிக்கு மணி அடிக்காமலும் போகலாம். எதுவானாலும் சார்ஜ் ஏறும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது. சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது.

ஆப்பை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தால், ஐகானை அழுத்தி நீக்கினால் மட்டும் போதாது. அதில் கணக்கு தொடங்கியிருந்தால் ஆப்புக்குள் போய் முதலில் கணக்கை அழிக்க வேண்டும். கணக்கு தொடங்க வைக்கும் ஆப் அதை அழிக்கவும் வழி தர வேண்டும் என்பது பிளே ஸ்டோர் விதி. மகளை உடன் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். அவள் போனிலும் அதே ஆப் இருக்கக் கூடும்.