இயலாமை உதவித்தொகை மறுப்பு: ஃபெடரல் நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

கேள்வி: நியூஜெர்சி, எடிசனில் வசிக்கிறேன். கிடங்கில் சுமை தூக்கும் வேலை. முதுகுத்தண்டு வட்டு விலகியதால் வேலையை விட்டேன். சோஷியல் செக்யூரிட்டியில் இயலாமைத் தொகை கேட்டேன். உட்கார்ந்து செய்யும் வேலை பார்க்கலாம் என்று நிர்வாகச் சட்ட நீதிபதி சென்ற ஆண்டு நிராகரித்தார். சோஷியல் செக்யூரிட்டியின் மேல்முறையீட்டுக் குழுவான அப்பீல்ஸ் கவுன்சிலும் மறுத்துவிட்டது. அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து 5 வாரம் ஆகிறது. போன மாதம் எனக்கு 50 வயது நிறைந்தது. அப்போது எடுத்த எம்.ஆர்.ஐ. மோசமாக இருக்கிறது. அதை ஃபெடரல் நீதிபதியிடம் காட்டி, நேரில் என் நிலையைச் சொல்லலாமா? தீர்ப்பு நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: நேரில் சொல்ல முடியாது. எம்.ஆர்.ஐ.யும் பெரும்பாலும் அங்கே எடுபடாது. ஆனால் மனம் தளராதீர்கள். நீங்கள் அனுப்பிய தீர்ப்பிலேயே வழக்குக்கு இடம் இருக்கிறது.

முதலில் கெடு. கவுன்சிலின் கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கலாக வேண்டும். கடிதத் தேதியிலிருந்து 5 நாளில் அது கைக்கு வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். அந்த 5 நாளை நம்பாதீர்கள். உங்களுக்கு மிச்சம் மூன்று வாரத்துக்குச் சற்றே அதிகம். இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள். நியாயமான காரணம் காட்டிக் கவுன்சிலிடம் கூடுதல் அவகாசம் கேட்கலாம் என்றாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. வழக்குத் தாக்கல் கட்டணம் 405 டாலர். வருமானம் இல்லாதவர்கள் விலக்குக் கேட்டு மனுச் செய்யலாம்.

ஃபெடரல் நீதிபதி படிப்பது உங்கள் கோப்பை மட்டுமே. சாட்சி விசாரணை கிடையாது, ஜூரியும் கிடையாது. உங்களை நிராகரித்த நிர்வாகச் சட்ட நீதிபதி சட்டப்படி நடந்தாரா, அவர் முடிவுக்குக் கோப்பில் போதிய ஆதாரம் உண்டா என்பதே விசாரணை. இந்தப் 'போதிய ஆதாரம்' உயர்ந்த அளவுகோல் அல்ல என்று 2019-இல் பீஸ்டெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. அதனால் வலியை மட்டும் விவரிக்கும் மனு, அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், தோற்றுப்போகும்.

நிர்வாகச் சட்ட நீதிபதியின் தீர்ப்பில் உங்கள் மருத்துவரைப் பற்றிய பத்தியைத் திரும்பப் படியுங்கள். 20 நிமிடத்துக்கு மேல் நீங்கள் தொடர்ந்து உட்கார முடியாது என்று உங்கள் எலும்பு மருத்துவர் எழுதியிருக்கிறார். அதை ஏற்கத்தக்கதல்ல என்று ஒரே வரியில் தள்ளிவிட்டு, நீங்கள் மகனைப் பள்ளிக்குக் காரில் கொண்டுவிடுவதை எதிர்ச் சான்றாகக் காட்டியிருக்கிறார் நீதிபதி. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 8 மணி நேரத்தில் ஏறக்குறைய 6 மணி நேரம் உட்கார வேண்டும்! பள்ளி வரை ஓட்டிப்போவது அதற்கு எப்படிச் சான்றாகும்? 2017 மார்ச் 27 முதல் தாக்கலான விண்ணப்பங்களில், சிகிச்சை தந்தவர் என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவரின் கருத்துக்குக் கூடுதல் மதிப்பு இல்லை. ஆனால் அந்தக் கருத்துக்கு மருத்துவ ஆதாரம் என்ன, மற்ற சான்றுகளோடு அது ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் நீதிபதி விளக்கியே ஆக வேண்டும். முக்கியமான சான்றை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்று உங்கள் மாநிலத்தைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது சர்க்யூட் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1981-இலேயே காட்டர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஜெயித்தாலும் பெரும்பாலும் மறுவிசாரணைக்குத்தான் திருப்பி அனுப்புவார்கள். நேரடியாகத் தொகை வழங்கச் சொல்வது அரிது. நீதிமன்றப் பணிக்கான வழக்கறிஞர் கட்டணம் உங்களுக்குச் சேர வேண்டிய நிலுவை உதவித்தொகையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பணம் கேட்பவரிடம் யோசித்துப் போங்கள்.

எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். புதிய சான்றுக்காக வழக்கைத் திருப்பி அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அந்தச் சான்று நிர்வாகச் சட்ட நீதிபதியின் தீர்ப்புக்கு முந்தைய உங்கள் நிலையைக் காட்ட வேண்டும், முன்பே தராததற்குத் தக்க காரணமும் வேண்டும். உங்கள் படம் இன்றைய நிலையைக் காட்டுகிறது. அதற்கு வேறு வழி இருக்கிறது: ஃபெடரல் வழக்கு நடக்கும்போதே புது விண்ணப்பம் போடலாம். 50 வயதானவருக்கு விதிகள் தளர்கின்றன. உட்கார்ந்து செய்யும் வேலை மட்டுமே முடியும், வேறு வேலைக்குப் பயன்படும் திறனோ நேரடியாகத் திறன்வேலையில் சேர்க்கும் அண்மைப் படிப்போ இல்லை என்றால், வயது, படிப்பு, வேலை அனுபவத்தை வைத்து முடிவு சொல்லும் சோஷியல் செக்யூரிட்டியின் விதி அட்டவணையே இயலாமை என்று முடிவு தரும். ஆனால் வேலை செய்து வரி கட்டியதால் கிடைத்த உங்கள் காப்பீட்டுத் தகுதி எந்தத் தேதியோடு முடிகிறது என்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். இயலாமை அதற்கு முன் தொடங்கியதாக நிறுவ வேண்டும்.