வீட்டில் 128, டாக்டரிடம் 156: எது என் பிரஷர்?

22 வருடங்களாக நர்ஸ் வேலையில் இருக்கிறேன். வீட்டில் பிபி பார்ப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், டாக்டரிடம் போனால் 156/94. வீட்டில் 128/80. மிஷின் பழுதா?

இரண்டுமே சரியாக இருக்கலாம். டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் பலருக்குப் படபடப்பில் ஏறிவிடும். அதனால்தான் டாக்டரிடம் பார்ப்பதற்கு 140/90, வீட்டில் எடுக்கும் சராசரிக்கு 135/85 என்று தனித்தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். (சில நாடுகளில் இன்னும் குறைத்து 130/80 என்கிறார்கள்.) வீட்டில் நார்மல்தானே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இப்படி இருப்பவர்களில் பலருக்குப் பின்னாளில் நிஜமாகவே பிரஷர் வருகிறது. வீட்டில் பார்ப்பதை விடாதீர்கள்.

எனக்கு நேர்மாறு. டாக்டரிடம் 130, வீட்டில் 146, 148. டாக்டர் நார்மல் என்று சொல்லிவிட்டார்.

வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். மறைந்திருக்கும் பிரஷர் இது. டாக்டர் கண்ணில் படாததால் வைத்தியமும் தொடங்காது, ஆனால் இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து கிட்டத்தட்ட எப்போதும் பிரஷர் உள்ளவருக்கு இருக்கிற அளவு. எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பப் போய்க் காட்டுங்கள். 24 மணி நேரம் உடம்பிலேயே கட்டிக்கொள்ளும் மிஷின் ஒன்று உண்டு, தூக்கத்திலும் அளக்கும். அது தேவையா என்று கேளுங்கள்.

அடுத்தடுத்துப் பார்த்தால் 150, 141, 136 என்று வருகிறது. எதை எழுதுவது?

முதல் அளவு பெரும்பாலும் கூடித்தான் இருக்கும். நீங்கள் எப்படி உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள். ஒரு அம்மா தினமும் 150க்கு மேல் வருகிறது என்று பயந்துபோய் வந்தார். வீட்டில் பார்ப்பதுபோலவே பார்த்துக் காட்டுங்கள் என்றேன். கட்டில் ஓரத்தில் முதுகு சாயாமல், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். பட்டை கட்டிய கை மடியில் தொங்கியது, வாய் என்னோடு பேசிக்கொண்டே இருந்தது. இதில் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டும். கை இதயத்தைவிட 10 செ.மீ. கீழே இருந்தாலே 7, 8 புள்ளி கூடிவிடும். முதுகைச் சாய்த்து, பாதம் இரண்டையும் தரையில் ஊன்றி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து 5 நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். 134 வந்தது.

பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் வந்தால் போய்விட்டு வாருங்கள். அடக்கிக்கொண்டு பார்த்தாலும் ஏறும். அப்புறம், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். நல்ல அளவை மட்டும் பொறுக்கி எழுதாதீர்கள், வந்ததை அப்படியே எழுதுங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன்பா, பின்பா?

முன்பு.

எந்தக் கை?

முதல் முறை இரண்டிலும் பாருங்கள். பிறகு எப்போதும் கூடுதலாக வரும் கையில்தான். வித்தியாசம் தொடர்ந்து 10க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

எனக்குக் கை பருமன். மணிக்கட்டு மிஷின் வாங்கலாமா?

மேல்கை மிஷினே நல்லது. மணிக்கட்டு கொஞ்சம் மேலே கீழே போனாலும் அளவு மாறிவிடும். கைச் சுற்றளவை டேப்பில் அளந்து, அதற்கேற்ற பெரிய பட்டையாக வாங்குங்கள். சின்னப் பட்டை இல்லாத பிரஷரைக் காட்டும். சட்டைமேல் கட்டாதீர்கள், சட்டைக் கையை இறுக்கிச் சுருட்டியும் விடாதீர்கள்.

ராத்திரி திடீரென 185/120 காட்டினால்?

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பார்வை மங்கல், இதில் ஒன்று இருந்தாலும் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். எதுவும் இல்லையென்றால் சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். குறையாமல் அங்கேயே நின்றால் அப்போதே டாக்டரைக் கூப்பிடுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள்.

மிஷினை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். அதே கையில் அவருடைய மிஷினிலும் உங்களுடையதிலும் மாற்றி மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.