2147483647: ஓர் எண்ணைப் பற்றிக் கேள்வி பதில்

இன்று ஒரே எண்தான். 2147483647, அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

கேள்வி: யாருடைய செல்போன் நம்பர் சார் இது?

பதில்: பத்து இலக்கம் என்பதால் அப்படித் தெரிகிறது! 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள், இது வரும். 0, 1 மட்டும் கொண்டு எழுதும் பைனரியில் எழுதினால் வரிசையாக 31 ஒன்றுகள். இப்படி இரண்டின் அடுக்கைவிட ஒன்று குறைவாக இருந்து, பகா எண்ணாகவும் இருந்தால் அது மெர்சென் பகா எண். 3, 7, 31, 127, 8191, 131071, 524287, அப்புறம் இது. எட்டாவது.

கேள்வி: அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும் என்கிறார்களே?

பதில்: போதாது. 11-ஐ எடுங்கள். 2047 வரும்; அது 23 × 89.

கேள்வி: கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் இது பகா எண் என்று எப்படி உறுதி செய்தார்கள்?

பதில்: செய்தவர் கணித மேதை ஆய்லர், 1772-இல். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போயிருந்தது. இதன் வர்க்கமூலம் 46340-ஐக் கொஞ்சம் தாண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் 4792. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது யாரால் ஆகும்? இதற்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால், அதை 62-ஆல் வகுக்க மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63. இந்தச் சல்லடையில் தங்குபவை எண்பது சொச்சம்தான். அவற்றில் ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. வகுத்ததைவிட, வகுக்கவே வேண்டாம் என்று இத்தனையை ஒதுக்கியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

கேள்வி: இரட்டைப் பகா எண்களில் சேருமா?

பதில்: சேராது. இரட்டைப் பகா எண்கள் என்றால் 11, 13 போல இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வருபவை. இரண்டைக் கழித்தால் கடைசி இலக்கம் 5. கூட்டினால் 3-ஆல் வகுபடும். அக்கம்பக்கத்துப் பகா எண்கள் 2147483629, 2147483659.

கேள்வி: இரண்டு வர்க்க எண்களின் கூடுதலாக எழுதலாமா?

பதில்: முடியாது. 4-ஆல் வகுத்தால் மீதி 3. வர்க்க எண்ணை 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1தான்; இரண்டைக் கூட்டினாலும் 3 வராது.

கேள்வி: செவ்விய எண்ணோடு இதற்கு என்ன உறவு?

பதில்: தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருவது செவ்விய எண்; 6 = 1 + 2 + 3 போல. நம் எண்ணை இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் கிடைக்கும். இதைவிடப் பெரியதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார் என்று 1811-இல் கணித அறிஞர் பீட்டர் பார்லோ எழுதினார். 2024 அக்டோபரில் 52-ஆவது மெர்சென் பகா எண்ணே வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செவ்விய எண் உண்டு. பாவம் பார்லோ.

கேள்வி: நான் புரோகிராம் எழுதுகிறேன். 32 பிட் முழு எண்ணின் உச்சமும் இதுதானே? பகா எண்ணாக இருப்பதால்தானா?

பதில்: உச்சம் இதுதான். பிட் என்பது 0 அல்லது 1 நிற்கும் ஓர் இடம்; 32-இல் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போக மிச்சம் 31. 1970-இலிருந்து நொடிகளை இப்படி எண்ணும் பழைய கம்ப்யூட்டர்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரப்படி காலை 8:44:07-க்கு நிரம்பி, அடுத்த நொடி 1901-க்குத் தாவும். பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 64 பிட்டின் உச்சம் 9223372036854775807. அதை 7-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது.