முதல் சம்பளம் வரும்வரை எப்படிச் சமாளிப்பது?

வேலைக்காக ஊர் மாறுகிறவர்களின் கேள்விகள் இந்த இதழில். பதில் எழுதுபவர் நிறுவனங்களின் சம்பளப் பிரிவில் பல காலம் கணக்குப் பார்த்தவர்.

கேள்வி: வேறு நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இப்போது வாங்குவதைவிட நல்ல சம்பளம். நாலு வாரத்தில் சேரச் சொல்கிறார்கள். ஆனால் சேமிப்பு என்று எதுவும் இல்லை. இருந்ததெல்லாம் அம்மாவின் மருத்துவச் செலவில் கரைந்துவிட்டது. இடம் மாறும் செலவைப் பற்றி ஆஃபர் லெட்டரில் ஒரு வரிகூட இல்லை. கேட்டால், "சேருவதற்கு முன்பே பணம் கேட்கிறாளே" என்று வேலையையே ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கேளுங்கள். கடன் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம்.

ஒரு நிறுவனம் விண்ணப்பங்களைச் சலித்து, நாலைந்து பேரை உட்கார வைத்துப் பேசி, கடைசியில் உங்களுக்கு ஆஃபர் லெட்டர் கொடுத்திருக்கிறது. மரியாதையாக ஒரு கேள்வி கேட்டதற்காக அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆள் தேட யாருக்குப் பொறுமை இருக்கிறது? பெரும்பாலும் "எங்களிடம் அப்படி வழக்கம் இல்லை" என்பதோடு நின்றுவிடுவார்கள். நான் வேலையில் இருந்தபோது முன்பணப் படிவங்கள் என் மேசைக்குத்தான் வரும். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஊர் மாற்றம்' என்று எழுதியிருந்தால் எங்கள் பிரிவில் யாரும் முகம் சுளித்ததில்லை. மேலாளர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்போம், அனுப்பிவிடுவோம், அவ்வளவுதான்.

எப்போது கேட்பது என்பது முக்கியம். ஆஃபர் எழுத்தில் வந்த பிறகு, நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு. அந்தச் சில நாள்களில்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? பரவாயில்லை, அப்போதும் கேட்கலாம். கொஞ்சம் தணிந்த குரலில்.

"ஏதாவது உதவி கிடைக்குமா" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் பொத்தாம்பொதுவாகத்தான் வரும். எச்.ஆர். பிரிவில் இருப்பவர் அப்படியே மேலே எடுத்துப்போய் ஒப்புதல் வாங்கும்படி எழுதுங்கள். உதாரணத்துக்கு:

"தங்கள் நிறுவனத்தில் சேருவதில் மகிழ்ச்சி. இதற்காக நான் ஊர் மாற வேண்டியிருக்கிறது. சாமான் ஏற்றிவரும் கட்டணத்தை நிறுவனமே நேரடியாகச் செலுத்த வழி உண்டா? இல்லையென்றால், முதல் மாதச் சம்பளத்தில் பாதியை முன்பணமாகக் கொடுத்து மூன்று மாதத் தவணையில் பிடித்துக்கொள்ள முடியுமா? மூன்று இடங்களில் வாங்கிய கட்டண மதிப்பீடுகளை இணைத்திருக்கிறேன்."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். அம்மாவின் மருத்துவச் செலவையும் எழுத வேண்டாம். ஊர் மாறுவது வேலைக்காக ஆகும் செலவு. அந்த ஒரு காரணமே போதும்.

பணமாகத் தர மறுக்கிற இடத்தில் வேறு வகையில் இளகுவார்கள். நிறுவனத்தின் விருந்தினர் விடுதியில் இரண்டு வாரம், முதல் மாதம் வீட்டிலிருந்தே வேலை, சேரும் தேதியைப் பத்து நாள் தள்ளிவைப்பது என்று ஏதாவது ஒன்று. காலியாகக் கிடக்கும் அறையைக் கொடுக்கப் புதிதாக யாரிடமும் பட்ஜெட் கேட்க வேண்டியதில்லை. அதனால் அது சுலபமாகக் கிடைக்கும்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். லாரி வாடகை ஒரு நாள் தலைவலி. வேலையில் சேர்ந்த நாளுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவில் இருக்கும் வாரங்கள்தான் ஆளைச் சாய்க்கும். பல நிறுவனங்களில் மாதம் முடிய ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே சம்பளக் கணக்கை மூடிவிடுவார்கள். 20ஆம் தேதி மூடுகிறார்கள், நீங்கள் 22ஆம் தேதி சேருகிறீர்கள் என்று வையுங்கள். அந்த மாதத்தின் மிச்ச நாள்களுக்கான சம்பளம் அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்துதான் வரும். ஐந்து வாரத்துக்கும் மேலாகக் கையில் காசு இருக்காது. அதே நீங்கள் 1ஆம் தேதி சேர்ந்தால் அந்த மாதக் கடைசியிலேயே சம்பளம் வந்துவிடும். "சம்பளக் கணக்கு எந்தத் தேதியில் மூடும்?" என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டுச் சேரும் தேதியை முடிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கு விவரத்தையும் அடையாளச் சான்றுகளையும் சேரும் நாளுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். கணக்கு எண்ணில் ஒரே ஓர் இலக்கம் மாறி, முதல் சம்பளம் திரும்பி வந்து, பாவம், என் மேசைக்கு எதிரே வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்.

பழைய அலுவலகத்திலிருந்து வர வேண்டிய கடைசிக் கணக்கும், பழைய வீட்டு அட்வான்ஸும் உங்கள் பணம்தான். ஆனால் முன்னது வேலையை விட்டுச் சில வாரம் கழித்துத்தான் வரும். பின்னது பெரும்பாலும் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்த பிறகுதான். இரண்டையும் நம்பிப் புது வீட்டு அட்வான்ஸுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். என்றைக்குக் கிடைக்கும் என்று இரண்டு இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்காரருக்கு இன்றைக்கே நோட்டீஸ் கொடுங்கள். ஒரு மாதம் இரண்டு வாடகை கட்டினால் மேலே சொன்ன முன்பணம் அதிலேயே போய்விடும்.

சாமானைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. முதலில் இரண்டு பெட்டியோடு போய்ச் சேருங்கள். சாமான் போட்ட ஓர் அறையோ, பங்கு வீடோ வார வாடகைக்கு, மாத வாடகைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய அட்வான்ஸ் கேட்கும் வீடெல்லாம் இரண்டாம் சம்பளத்துக்குப் பிறகு. ஏற்றிச்செல்லும் கட்டணத்தை எடையையோ அடைக்கும் இடத்தையோ தூரத்தையோ வைத்துப் போடுவார்கள். லிஃப்ட் இல்லாத மாடி என்றால் கூலி தனி. பழைய மெத்தை, அலமாரி, காலாடும் மேசை ஒவ்வொன்றையும் இந்தக் கணக்கில் நிறுத்திப் பாருங்கள். கொண்டுபோகும் செலவு அதன் இன்றைய விலையைத் தாண்டினால் விற்றுவிடுங்கள். விற்ற காசு பயணத்துக்கு ஆகும். கட்டாயம் கொண்டுபோக வேண்டியது என்றால் மாதக் கடைசியையும் வார இறுதியையும் தவிர்த்து நாள் கேளுங்கள். அப்போது வண்டிகளுக்குக் கிராக்கி அதிகம். வேறு ஒருவரின் சாமானோடு சேர்த்து ஏற்றினால் இன்னும் குறையும், ஆனால் வந்து சேரும் நாள் முன்னே பின்னே ஆகும். தொகை எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள், முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். சாமானை ஏற்றிய பிறகு, "இன்னும் இவ்வளவு வைத்தால்தான் இறக்குவோம்" என்று நிற்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

கேள்வி: "செலவு செய்துவிட்டு பில் கொடுங்கள், திருப்பித் தருகிறோம்" என்கிறது என் புது நிறுவனம். செலவு செய்யவே பணம் இல்லாதபோது இதனால் எனக்கு என்ன லாபம்?

பதில்: நியாயமான கோபம். பணம் இருப்பவருக்குச் சாதகமாக எழுதப்பட்ட விதி அது. ஆனால் கொடுக்க மனம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டதால் உங்களுக்கு வேலை பாதி முடிந்தது. இரண்டு வழி கேளுங்கள். ஒன்று, சாமான் ஏற்றுபவர் பில்லை நிறுவனத்தின் பெயரிலேயே போட்டு நேரே அவர்களுக்கு அனுப்புவது. இரண்டு, மதிப்பீட்டில் பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மீதியை பில் கொடுத்த பிறகு வாங்குவது.

திருப்பித் தரும் முறைதான் என்று முடிவானால், செலவு செய்வதற்கு முன்பே விதிகளைக் கேட்டுப் படித்துவிடுங்கள். பில்கள் நிராகரிக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். பில் கணவர் பெயரில் இருக்கும், வேலைக்கு வந்தவர் மனைவியாக இருப்பார். தேதி ஆஃபர் லெட்டருக்கு முந்தையதாக இருக்கும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியதை 31ஆம் நாள் கொடுத்திருப்பார். எந்தெந்தச் செலவு சேரும், யார் பெயரில் பில், எத்தனை நாளுக்குள், பணம் எத்தனை நாளில் வரும் என்று நாலையும் கேளுங்கள். கூடவே, அந்தத் தொகைக்கு வரி பிடிப்பார்களா என்றும். சில நாடுகளில் இது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அப்போது கையில் வருவது நீங்கள் நினைத்ததைவிடக் குறையும்.

கேள்வி: செல்போன் செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறார்கள். சம்பளம் வந்ததும் அடைத்துவிடலாம் இல்லையா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்படிப்பட்ட கடன் ஒன்றில் 100 கேட்டால் கட்டணம் போக 90 வரும், 14 நாளில் 100 கட்ட வேண்டும் என்று வையுங்கள். 90க்கு 14 நாளில் 10 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 290 சதவீதம். உங்கள் முதல் சம்பளமோ ஐந்து வாரம் கழித்து. அதற்குள் கெடு இரண்டு முறை வந்துவிடும், இரண்டு முறையும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். வேண்டாம். கிரெடிட் கார்டில் ரொக்கமாக எடுப்பதும் இதற்குத் தம்பிதான். பொருள் வாங்கினால் கிடைக்கிற வட்டியில்லாத நாள்கள் ரொக்கத்துக்குப் பொதுவாகக் கிடையாது, எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இது: புது நிறுவனத்தின் சம்பள முன்பணம், தெரிந்தவரிடம் கைமாற்று, ஆஃபர் லெட்டரைப் பார்த்துக் கடன் தரும் கூட்டுறவுச் சங்கம் அல்லது வங்கி. கைமாற்று வாங்கினால் தொகையையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும். முதல் சம்பளத்தில் அடைப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; அது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். சில நாடுகளில் வேலையில்லாமல் இருந்தவர் வேலைக்காக ஊர் மாறினால் அரசு வேலைவாய்ப்பு அலுவலகமே செலவில் ஒரு பங்கு தருவதுண்டு. அப்படி இருந்தால் புறப்படுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: இடமாற்றப் பணம் தருகிறார்கள், ஆனால் ஒரு வருடத்துக்குள் விலகினால் முழுவதும் திருப்பித் தர வேண்டுமாம். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம், ஒரு திருத்தம் கேட்டுவிட்டு. 'முழுவதும்' என்பதை 'மீதமுள்ள மாதங்களுக்கு ஏற்ப' என்று மாற்றச் சொல்லுங்கள். ஒன்பது மாதம் வேலை பார்த்துவிட்டு விலகினால் கால் பங்குதான் திருப்ப வேண்டியிருக்கும். நிறுவனமே உங்களை அனுப்பினால் எதுவும் திருப்ப வேண்டியதில்லை என்ற வரியும் இருக்கட்டும்.

கேள்வி: வேலை உறுதி செய்ய முதலில் ஒரு தொகை கட்டச் சொல்கிறார்கள். சேர்ந்ததும் இடமாற்றச் செலவோடு சேர்த்துத் திருப்பித் தருவார்களாம்.

பதில்: கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கே வேலை இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அடையாளச் சான்றுகளின் நகல்களையும் அவர்களுக்கு அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றே உங்கள் வங்கியிடம் சொல்லுங்கள், காவல் துறையில் புகார் கொடுங்கள்.