43 வயதில் எடை கூடிக்கொண்டே போகிறது, சோற்றை நிறுத்திவிட்டு ஓட்ஸுக்கு மாறலாமா?

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இரண்டாவது பிரசவத்தின்போது லேசாகச் சர்க்கரை இருந்தது, பிறகு சரியாகிவிட்டது." சோறா ஓட்ஸா என்பதை விடுங்கள், அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள்.

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் 22 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனால் இந்த ஊர்ப் பெண்களின் உடம்பு வருடத்துக்கு வருடம் எப்படி மாறுகிறது என்பது என் அளவு நோட்டில் இருக்கிறது. ரவிக்கையின் உள்ளே துணி விட்டு, பக்கத்தில் மூன்று தையல் அடித்துக் கொடுப்போம். உடம்பு போட்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். நாற்பதைத் தாண்டியதும் முதல் தையலைப் பிரிக்க வருவார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் இரண்டாவதும் போய்விடும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால், அதுவரை தொடையில் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேர ஆரம்பிக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் எல்லாவற்றுக்கும் இந்த வயிற்றுக் கொழுப்புதான் வழிவிடுகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ., அதாவது சுமார் 31½ அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஊருக்கெல்லாம் அளவு எடுத்த நான் என் வயிற்றில் டேப்பை வைத்தது 2019இல்தான். 38 அங்குலம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். தையல் பிரித்துக் கொடுத்ததற்குக் கூலி கேட்டால், "இதற்குமா காசு?" என்கிறார்கள். கொக்கியை எடுத்து, பழைய நூலைத் துணி கிழியாமல் உருவி, மறுபடி அடிப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். கண் வலிக்கும். அது வேலை இல்லையா?

எனக்கு இரண்டாவது மகள் பிறந்தது 2004இல். ஏழாவது மாதத்தில் சர்க்கரை என்றார்கள். பிரசவம் முடிந்ததும், தனியார் மருத்துவமனையில் "சரியாகிவிட்டது, இனி நன்றாகச் சாப்பிடு" என்று சொல்லி அனுப்பினார்கள். குழந்தை பிறந்து ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், அதன்பின் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் அது நிரந்தரமாக வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பதினைந்து வருடம் நான் ஊசி முனை ரத்தம்கூடக் கொடுக்கவில்லை. 2019இல் பார்த்தபோது வெறும் வயிற்றில் 168, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.2 சதவீதம். வெறும் வயிற்றில் 126, சராசரியில் 6.5 என்பதே சர்க்கரை நோய்க்கான எல்லை. இன்றைக்கும் அந்தக் கோபம் தணியவில்லை.

சோற்றுக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். படகு கரை சேரும்வரை எனக்குச் சாப்பாடு இறங்காது. அவரும் பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பிற்பகல் மூன்றரைக்குச் சட்டியில் மிஞ்சிய மீன் குழம்பில் மிச்சச் சோறு முழுவதையும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவேன். கொட்ட மனம் வராது. மீன் துண்டு தீர்ந்திருக்கும், குழம்பும் சோறும்தான். நீங்களும் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் என்றே நினைக்கிறேன். போதாக்குறைக்கு 2014இல் தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டேன். அதுவரை நாள் முழுக்கக் காலால் மிதித்தவள் அசையாமல் உட்கார ஆரம்பித்தேன். மோட்டார்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தக் காலகட்டத்தில்தான் என் தையல்கள் பிரிந்தன.

நான் சோற்றை நிறுத்தவில்லை. ஒரு மணிக்கு என் பங்கை முதலில் எடுத்து வைத்துவிடுகிறேன்: இரண்டு துண்டு சாளை மீன், தட்டில் பாதிக்கு முருங்கைக்கீரையோ அவரைக்காயோ, ஒரு கரண்டி சோறு. ஓட்ஸ் வாங்கும் காசுக்கு இங்கே இரண்டு நாளுக்குச் சாளை கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது கருவாடுதான் என்றால் உப்பு போக நன்றாக ஊறவைத்துக் கழுவி, வாரம் ஒருநாளோடு நிறுத்துங்கள். நாளுக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அது ஒரு தேக்கரண்டிதான்.

"கருப்பட்டிக் காபி குடித்தால் ஒன்றும் செய்யாது" என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். பனைமரத்தை நம்பிப் பிழைக்கும் சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு, கருப்பட்டியைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். ஆனால் அதுவும் சர்க்கரைதான். ஒரு வாரம் குடித்துப் பார்த்து, என் ரத்தத்திலேயே கண்டேன். மாத்திரையும் போடுகிறேன், உணவால் மட்டும் குறைந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது 34½ அங்குலம், சராசரி 6.8. சாம்பல் நிற ரவிக்கை ஒன்றில் இரண்டாவது தையலைப் போன மாதம் திரும்ப அடித்தேன்.

நீங்கள் முதலில் ரத்தம் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதச் சராசரி ஒன்று. பிரசவத்தின்போது சர்க்கரை இருந்ததை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.